வெள்ளிப் பெயின்ட்டும் ஏமாற்றும் வெப்பமானியும்

அக்னி நட்சத்திர வெயிலில் மொட்டை மாடியில் நடத்திய பெயின்ட் சோதனையின் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தகரக் கூரைக்கு எங்கள் வேலூர்ப் பக்கத்தில் பலரும் நம்பிப் பூசும் வெள்ளிப் பெயின்ட், அதாவது அலுமினியப் பெயின்ட், சாதாரணச் சுண்ணாம்பிடமே தோற்றுவிட்டது.

ஒரே தகட்டிலிருந்து வெட்டிய துண்டுகளுக்குச் சுண்ணாம்பு, கூரைக்கென்றே விற்கும் வெள்ளை அக்ரிலிக், அலுமினியப் பெயின்ட், கறுப்பு எனாமல் ஆகியவற்றைப் பூசி, அடியில் காற்றோட்டம் இருக்கும்படி மரச்சட்டத்தின் மேல் வைத்தேன். துத்தநாகம் பூசிய தகட்டுக்கு முதலில் வாஷ் பிரைமர் (பெயின்ட் ஒட்டுவதற்கான அடிப்பூச்சு) அடிப்பது போன்றவை இதில் கைவைத்தவர்களுக்குத் தெரிந்தவையே. பிடிவாதம் பிடித்தது பெயின்ட் அல்ல, அளக்கும் கருவிதான்.

நண்பகலில், தொடாமலே வெப்பக் கதிரை வைத்து அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியை மேலிருந்து நீட்டினால் வெள்ளித் தகடு ஏறக்குறைய 30 டிகிரி என்று காட்டியது. நிழலில் காற்றே 40 டிகிரியைத் தொட்டிருந்த நேரம் அது. தகட்டின் மீது விரலை வைக்கவும் முடியவில்லை. மலிவான வெப்பமானிகள், எதிரில் இருக்கும் எந்தப் பரப்பின் உமிழ்திறனும் (வெப்பத்தைக் கதிராக வெளிவிடும் திறன், உச்சம் 1) 0.95 என்று வைத்துக்கொண்டே கணக்கிடுகின்றன. சுண்ணாம்புக்கும் வெள்ளைக்கும் கறுப்புக்கும் அந்த எண் ஓரளவு பொருந்தும். ஏனெனில் கருவி பார்க்கும் 8 முதல் 14 மைக்ரான் அலைநீளத்தில் நம் கண்ணுக்குத் தெரியும் நிறத்துக்கு மதிப்பில்லை. அலுமினியப் பெயின்ட்டின் உமிழ்திறனோ அதில் ஏறத்தாழப் பாதிதான், சிலவற்றில் அதற்கும் குறைவு. மீதிக்கு அந்தப் பரப்பு வானத்தைப் பிரதிபலிக்கிறது. மேகமற்ற வானமோ இந்த அலைநீளத்தில் தரையைவிட மிகக் குளிர்ந்தது. இதைப் பற்றிப் பெட்டியின் மேல் ஒரு வரிகூட அச்சிடாமல் விற்பவர்களை என்னவென்று சொல்வது!

அந்த 0.95 கணக்குக்குப் பொருந்தும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி அதன்மேல் குறிபார்ப்பது வழக்கமான வைத்தியம். ஆனால் வெயிலில் அந்த டேப்பே ஒளியை விழுங்கிச் சூடேறிவிடும் என்பதால், அதை எல்லாத் தகடுகளின் அடிப்பக்கத்தில், நிழலில் ஒட்டி, மண்டியிட்டுக் கீழிருந்து அளந்தேன். தகடு மெல்லியது, இரு பக்கமும் ஒரே வெப்பநிலைதான். மல்டிமீட்டரோடு வந்த கே வகைத் தெர்மோகப்பிளும் (தொட்டு அளக்கும் வெப்ப உணரிக் கம்பி) அதையே உறுதிசெய்தது. வெள்ளை அக்ரிலிக் 45 டிகிரியை ஒட்டியும், சுண்ணாம்பு அதற்குச் சற்றே மேலும், வெள்ளி 60 டிகிரிக்கு அருகிலும் நின்றன. கறுப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெள்ளிப் பெயின்ட் வெள்ளையைவிட அதிக வெயிலை ஏற்கிறது, ஏற்றதை எளிதில் வெளியே விடுவதுமில்லை.

குளிர்நாட்டு வீடுகளில் வெந்நீர் ஓடும் ரேடியேட்டருக்கு எதைப் பூசுவது என்பதும் இதே கேள்விதான். அங்கே வெயிலுக்கு வேலையில்லை, உமிழ்வு மட்டுமே கணக்கு. ஆகவே வெள்ளையும் கறுப்பும் ஒன்றே, வெள்ளிதான் உமிழ்வைக் குறைக்கும். வெப்பத்தில் பெரும்பங்கைக் காற்று எடுத்துச் செல்வதால் மொத்த இழப்பு அவ்வளவு பெரிதாகத் தெரியாது. பளபளப்பான உலோகம் குறைவாக உமிழ்கிறது என்பதை ஜான் லெஸ்லி 1804இலேயே வெந்நீர் நிரப்பிய கனசதுரப் பாத்திரத்தைக் கொண்டு காட்டிவிட்டார்.

சுண்ணாம்பைப் பொறுத்தவரை, பொட்டலத் தூளைப் பூசினால், தொட்டதுமே கையில் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. லாங்கு பஜார்ப் பக்கம் கல் சுண்ணாம்பாக வாங்கி வீட்டிலேயே நீற்றிக்கொள்வது மேல். தூசி படிந்த பின் அக்ரிலிக் எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்க அந்தத் துண்டுகளைக் கழுவாமல் விட்டிருக்கிறேன். அதற்குள், ஆம்ப்ளிஃபயரின் சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட் சிங்குக்குக் கறுப்பு அடித்துப் பார்க்கும் ஆசையும் தொற்றிக்கொண்டது.