மேக்கில் விண்டோஸ் கேம்: கத்திரி வெயிலில் தொடங்கிய குறிப்புகள்

மே 3, 2025, சனி

என்னிடம் இருப்பது ஆப்பிளின் எம்2 சிப் உள்ள மேக்புக் ஏர், 8 ஜிபி நினைவகம். ஆபீஸ் வேலைக்கு வாங்கியது, அந்த வேலைக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. நான் விளையாட ஆசைப்படுவது ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, டெஃபினிட்டிவ் எடிஷன். 2019-இல் விண்டோஸுக்கு வந்தது, மேக்கிற்கு இன்றுவரை வரவில்லை.

கல்லூரி நாட்களில் மடிப்பாக்கம் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் விளையாடிய அதே பழைய கேம்தான், ஆனால் இப்போது ஏன் திரும்ப என்றால் காரணம் இருக்கிறது. 2022 ஏப்ரலில் 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்று ஒரு கூடுதல் தொகுப்பு விட்டார்கள். அதில் திராவிடர்கள் ஒரு தனி நாகரிகம். உருமி வீசும் வீரர்கள் இருக்கிறார்கள், திரிசடை என்று ஒரு பெரிய போர்க்கப்பல் இருக்கிறது, இராஜேந்திர சோழனுக்கு ஒரு தனிக் கதைத்தொடரே இருக்கிறது. மரம் வெட்டு என்று கிராமத்தானைக் கிளிக் செய்தால் தமிழில் பதில் சொல்கிறான். இதற்காக ஒரு விண்டோஸ் லேப்டாப் வாங்கலாமா என்று வீட்டில் பேச்சை எடுத்துப் பார்த்தேன். பேச்சு அங்கேயே முடிந்தது.

சரி, இருக்கிற மேக்கை வைத்தே பார்ப்போம்.

மே 4, ஞாயிறு

இன்று கத்திரி ஆரம்பம். வெளியே தலைகாட்ட முடியாது என்பதால் நாள் முழுக்கப் படித்தேன்.

மேக்கில் விண்டோஸ் கேம் என்றால் பழைய ஆட்கள் உடனே பூட் கேம்ப் என்பார்கள். 2006-இல் ஆப்பிள் இன்டெல் சிப்புக்கு மாறியபோது வந்தது அது, மேக்கையே விண்டோஸ் கணினியாகத் திறக்கலாம். 2020 கடைசியில் எம்1 வந்ததோடு அந்தக் கதை முடிந்தது. ஆப்பிள் சிப் உள்ள எந்த மேக்கிலும் பூட் கேம்ப் கிடையாது, அதனால் அதைச் சொல்லித்தரும் பழைய வீடியோக்களைப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அடுத்தது மெய்நிகர் கணினி. பேரலல்ஸ் போன்ற செயலிக்குள் விண்டோஸ் 11-இன் ஆர்ம் பதிப்பை ஓட்டுவது, 2023-இல் மைக்ரோசாஃப்டே இதற்கு அதிகாரபூர்வமாகச் சம்மதம் கொடுத்துவிட்டது. ஆனால் படம் வரைய விண்டோஸின் டைரக்ட்எக்ஸ் என்ற பகுதியில் 12-ஆம் பதிப்பைக் கேட்கும் கேம்கள் அதில் ஓடாது. என்னிடம் இருப்பதே 8 ஜிபி, அதை மேக்ஓஎஸ்ஸுக்கும் விண்டோஸுக்கும் பங்கு போட்டால் கேமுக்கு என்ன மிஞ்சும்? எக்செல் மாதிரி சமாசாரங்களுக்கு நல்ல வழி, எனக்கு இல்லை.

மூன்றாவதுதான் சுவாரஸ்யமானது: வைன். 1993-இல் லினக்ஸ்காரர்கள் தொடங்கிய திட்டம், இன்னும் உயிரோடு இருக்கிறது. இதில் விண்டோஸே கிடையாது, உரிமமும் வாங்க வேண்டாம். கேம் 'விண்டோஸே, இந்தக் கோப்பைத் திற' என்று கேட்டால் வைன் அந்தக் கோரிக்கையைப் பிடித்து மேக்கிடம் மேக் பாஷையில் கேட்டு, பதிலை விண்டோஸ் சொன்னது போலவே திருப்பிக் கொடுத்துவிடும். வடக்கிலிருந்து வரும் தலைவர் மேடையில் பேசப் பேசப் பக்கத்தில் ஒருவர் நின்று தமிழில் சொல்வாரே, அந்த வேலை.

அது மட்டும் போதாது. கேம் இன்டெல் வகைச் சிப்புக்காக எழுதப்பட்டது, அந்தக் கட்டளைகளை ஆப்பிளின் ரொசெட்டா 2 என்ற மென்பொருள் ஆப்பிள் சிப்புக்கு மாற்ற வேண்டும். படம் வரைய கேம் டைரக்ட்எக்ஸைக் கூப்பிடும், மேக்கில் அந்த வேலைக்கு இருப்பது மெட்டல், ஒன்றை மற்றொன்றாக இன்னொரு அடுக்கு மாற்ற வேண்டும். 2023 ஜூனில் ஆப்பிள் வெளியிட்ட கேம் போர்ட்டிங் டூல்கிட்டில் உள்ள டி3டிமெட்டல் என்ற பகுதி இதைத்தான் செய்கிறது. கேம் தயாரிப்பவர்கள் தங்கள் கேம் மேக்கில் எப்படி ஓடும் என்று சோதித்துப் பார்க்கக் கொடுத்த கருவி அது, நம்மைப் போன்றவர்கள் அதிலேயே விளையாட ஆரம்பித்துவிட்டோம். ஆக மூன்று மாற்றம், ஒவ்வொரு நொடியும், அதுவும் விசிறி இல்லாத லேப்டாப்பில். இது ஓடுகிறது என்பதையே என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

மே 10, சனி

போன வாரம் சொன்ன மூன்று மாற்றத்தையும் ஒன்றாகக் கட்டி, பொத்தானை அழுத்தினால் போதும் என்று தரும் செயலி கிராஸ்ஓவர். காசு கொடுக்க வேண்டும், ஆனால் முதல் 14 நாள் இலவசம். விஸ்கி என்று ஒரு இலவசச் செயலியும் இருந்தது. அதை எழுதியவர் இந்த வருடம் பராமரிப்பை நிறுத்திவிட்டு, கிராஸ்ஓவரையே வாங்குங்கள் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான், வைனில் நடக்கும் வேலையில் பெரும்பங்கு கிராஸ்ஓவர் நிறுவனம் சம்பளம் கொடுக்கும் ஆட்களுடையது. இலவசம் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் டெர்மினலில் கட்டளைகளைத் தட்டி வைனை நேரடியாக நிறுவலாம், எனக்கு அதற்குப் பொறுமை இல்லை.

கிராஸ்ஓவரில் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு 'பாட்டில்'. அதற்குள் தனி சி டிரைவ், தனி ரெஜிஸ்ட்ரி, ஒரு குட்டி விண்டோஸ் வீடு. ஒன்று கெட்டுப்போனால் அதை மட்டும் தூக்கிப் போடலாம், மற்றவை பத்திரம். படித்த வரையில் ஒரு பாட்டிலில் எல்லாவற்றையும் திணிப்பதைவிட, தொந்தரவு செய்யும் கேமுக்குத் தனிப் பாட்டில் போடுவது நல்லது.

கேமை ஸ்டீம் என்ற இணையக் கடையில் எப்போதோ ஒரு தள்ளுபடியில் வாங்கி வைத்திருந்தேன். அதே கணக்கில் விண்டோஸ் ஸ்டீமை பாட்டிலுக்குள் நிறுவிக்கொண்டால் போதும், கேமைத் திரும்ப வாங்க வேண்டியதில்லை. டவுன்லோடு போட்டுவிட்டுத் தூங்கப் போனேன்.

மே 11, ஞாயிறு

ஓடுகிறது!

முதல் தடவை திறந்ததும் படம் விக்கி விக்கி வந்தது. ஷேடர்கள், அதாவது கிராபிக்ஸ் சிப்புக்கான குட்டி நிரல்கள், முதல்முறை தயாராகும்போது அப்படித்தான் இருக்கும், கொஞ்ச நேரம் விட்டால் சரியாகிவிடும், அதைப் பார்த்து பயந்து செட்டிங்ஸை நோண்ட ஆரம்பிக்கக் கூடாது. பாட்டில் அமைப்பில் படத்தை மாற்றும் அடுக்குக்கு டி3டிமெட்டல், டிஎக்ஸ்விகே, டிஎக்ஸ்எம்டி என்று தேர்வுகள் இருக்கின்றன. டைரக்ட்எக்ஸ் 12 கேம் என்றால் டி3டிமெட்டல்தான். 11 என்றால் மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம், எது வேகம் என்பது கேமுக்குக் கேம் வேறு. எம்சிங்க் என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதைப் போட்டால் பல கேம்களில் ஓட்டம் சீராகிறது. திரைத் தெளிவை முழு ரெட்டினாவில், அதாவது மேக் திரையின் முழு அளவில், வைக்காதீர்கள். பாதியாகக் குறைத்தால் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை, கிராபிக்ஸ் சிப்புக்குப் பெரிய நிம்மதி.

டிராக்பேடில் இந்த கேமை விளையாடுவது மட்டும் தண்டனை.

மே 14, புதன்

ஆபீஸ் முடிந்து மெட்ரோவில் போய் எல்ஐசி பக்கம் இறங்கி ரிச்சி தெரு. மேக்கிற்கு வயர்லெஸ் மவுஸ் என்றதும் கடைக்காரர் வெள்ளை நிறத்தில் விலை அதிகமானதாகவே எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். "அண்ணே, கேமுக்கு. ஒயர் இருந்தாலும் பரவாயில்லை" என்றதும், "அதை முதல்லயே சொல்லக் கூடாதா தம்பி" என்று உள்ளேயிருந்து சாதாரணமான ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பாதி விலை. கூடவே ஒரு டைப்-சி ஹப்பும் வாங்க வேண்டியதாகிவிட்டது, இந்த லேப்டாப்பில் பழைய யுஎஸ்பி துளை கிடையாதே.

வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் வேலை, மேக்கின் மவுஸ் அமைப்பில் 'பாயின்டர் ஆக்சலரேஷன்' என்பதை அணைத்தது. வென்சுரா என்ற மேக்ஓஎஸ் பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. அணைத்தால்தான் கை எவ்வளவு நகர்கிறதோ அதே அளவுக்கு அம்பும் நகரும்.

மே 18, ஞாயிறு

வெயிலைப் பற்றி எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் இந்த விஷயத்தில் வெளிநாட்டு வீடியோக்கள் ஒன்றுக்கும் உதவாது. அவர்கள் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து எம்2 ஏரில் நொடிக்கு இத்தனை ஃபிரேம் (படம்) வருகிறது என்று காட்டுகிறார்கள். பள்ளிக்கரணையில் இரண்டாவது மாடி, மேலே மொட்டைமாடி, மே மாத மதியம், ஏசி இல்லாத ஹால் என்றால் கணக்கே வேறு. விசிறி இல்லாத லேப்டாப் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், அது அதன் இயல்பு. ஆரம்பத்தில் வழுக்கிக்கொண்டு ஓடிய படை கொஞ்ச நேரத்தில் சேற்றில் நடப்பது போல் ஆகிவிட்டது. லேப்டாப்பை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, மேஜை ஃபேனைப் பின்பக்கமாகத் திருப்பி, ஃபிரேம் எண்ணிக்கைக்கு 60 என்று உச்சவரம்பு போட்டேன். கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் உதவியது. தேவையில்லாமல் 90, 100 என்று ஓடித்தான் அது தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறது.

அப்புறம் ராத்திரி பத்து மணிக்கு மேல் விளையாடுவது உத்தமம். அப்பாவும் தூங்கியிருப்பார்.

மே 24, சனி

குரோம்பேட்டையிலிருந்து அக்கா பையன் லீவுக்கு வந்திருக்கிறான். என் திரையில் விண்டோஸ் கேம் ஓடுவதைப் பார்த்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "மாமா, அப்ப வேலரன்ட் ஓடுமா?"

வேலரன்ட் ஆன்லைனில் சுட்டு விளையாடும் கேம். ஓடாது. ஏன் என்று அவனுக்குப் புரியவைக்க ஒரு டம்ளர் ரோஸ்மில்க் காலியாகிவிட்டது. வேலரன்ட்டோடு வான்கார்டு என்று ஒரு ஏமாற்றுத் தடுப்பு வருகிறது. அது சாதாரணச் செயலி மாதிரி ஓடாது, விண்டோஸின் கெர்னலுக்குள், அதாவது அடிமட்டத்தில், கணினி திறக்கும்போதே போய் உட்கார்ந்துவிடும். வைனில் விண்டோஸ் கெர்னல் என்பதே இல்லை, இருப்பது அதன் மேல்மட்ட வேஷம் மட்டும். அது உட்கார இடமே இல்லை. மெய்நிகர் கணினியில் போட்டால் 'இது நிஜக் கணினி இல்லை' என்று கண்டுபிடித்து வெளியே தள்ளிவிடும். வேகமான மேக் வாங்கினாலும் இது மாறாது, செட்டிங்ஸில் எதைத் தட்டினாலும் மாறாது. எவனாவது வீடியோவில் வழி இருக்கிறது என்று சொன்னால் அவன் உன் கணக்கைத் திருடப் பார்க்கிறான்.

"அப்ப கவுன்ட்டர் ஸ்ட்ரைக்?" பழைய சிஎஸ் கோ மேக்கில் நேராகவே ஓடியது. 2023-இல் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 வந்தபோது அதைத் தயாரிக்கும் வால்வ் நிறுவனம் மேக்கைக் கைவிட்டது. பழைய டைரக்ட்எக்ஸ் 9, 32 பிட், மேக் எல்லாவற்றையும் சேர்த்தே விளையாடுகிறவர்களில் ஒரு சதவீதம்கூட இல்லை என்று காரணம் சொன்னார்கள். கோபம் வந்தாலும் கணக்கு கணக்குதான்.

இப்போது யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்கிறேன்: கேம் எவ்வளவு பெரிது, கிராபிக்ஸ் எவ்வளவு கனம் என்று முதலில் பார்க்காதீர்கள். தனியாக விளையாடுவதா, ஆன்லைனில் முன்பின் தெரியாதவர்களோடு மோதுவதா என்று பாருங்கள். தனி ஆட்டம் என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு வழி இருக்கும். போட்டி ஆட்டம் என்றால் அதில் எந்தத் தடுப்பு இருக்கிறது என்று தெரியாமல் காசு போடாதீர்கள்.

பையன் போனில் பிஜிஎம்ஐ விளையாடப் போய்விட்டான்.

மே 29, வியாழன்

பராமரிப்பு மின்தடை, காலை 9 முதல். லீவு போட்டிருந்தேன். சார்ஜர் இல்லாமலே விளையாடினேன், வேகம் குறையவே இல்லை. நண்பனின் கேமிங் லேப்டாப் பிளக்கைப் பிடுங்கியதும் நொண்டும், இது நொண்டாது. ஆப்பிள் சிப்பைப் பாராட்ட இதைவிட நல்ல இடம் தெரியவில்லை. ஆனால் மேஜை ஃபேன் ஓடாதே! போதும் என்று மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

ஜூன் 10, செவ்வாய்

நேற்று ராத்திரி ஆப்பிளின் டெவலப்பர் மாநாடு தொடங்கியது. ஒருபக்கம் நல்ல செய்தி: கேம் போர்ட்டிங் டூல்கிட் 3, மெட்டல் 4. இன்னொரு பக்கம், ரொசெட்டா பொதுப் பயன்பாட்டுக்கு மேக்ஓஎஸ் 27 வரைதான். அதற்குப் பிறகு, இன்டெல்லுக்காக எழுதப்பட்டு இனி யாரும் கவனிக்காத பழைய கேம்களுக்காக அதில் ஒரு பகுதியை மட்டும் வைத்திருப்பார்களாம். அந்தப் பகுதி வைன் போன்றவற்றுக்குப் போதுமா என்பதில்தான் எங்கள் பிழைப்பு தொங்குகிறது.

இப்படி முன்பும் நடந்திருக்கிறது. 2010-இல் ஸ்டீம் மேக்கிற்கு வந்தபோது போர்ட்டல் கேமை இலவசமாகக் கொடுத்தார்கள். 2019-இல் கேட்டலினா என்ற மேக்ஓஎஸ் பதிப்பு பழைய 32 பிட் செயலிகளை ஒரேயடியாக நிறுத்தியதும் அந்த மேக் பதிப்பு செத்துப்போனது. இன்று அதே கேமின் விண்டோஸ் பதிப்பை வைன் வழியாக அதே மேக்கில் ஓட்டலாம்! மேக்கிற்கென்று செய்தது ஓடாது, விண்டோஸுக்குச் செய்தது ஓடும். பழைய மென்பொருளைத் தூக்கிச் சுமப்பதில் மைக்ரோசாஃப்டுக்கு உள்ள பொறுமை ஆப்பிளுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

என் திட்டம் எளிது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் மேக்ஓஎஸ்ஸை அவசரப்பட்டு மேம்படுத்தப் போவதில்லை.

ஜூலை 19, சனி

சைபர்பங்க் 2077 நேற்று முன்தினம் மேக்கிற்கே நேராக வந்துவிட்டது. ஆபீஸ் குரூப்பில் ஆளாளுக்கு எனக்கு அனுப்புகிறார்கள், 'இனி உனக்குக் கவலை இல்லை' என்று. குறைந்தபட்சத் தேவை 16 ஜிபி நினைவகம். என்னிடம் 8. மேக்கில் நினைவகத்தைப் பின்னால் கூட்டிக்கொள்ளவும் முடியாது, வாங்கும்போதே போட்டால்தான் உண்டு, ரிச்சி தெருவில் எந்த அண்ணனாலும் இதற்கு உதவ முடியாது. புதிதாக வாங்குகிறவர்கள் இதை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: சேமிப்பிடம் போதாவிட்டால் வெளியே ஒரு எஸ்எஸ்டி மாட்டிச் சமாளிக்கலாம், நினைவகத்துக்கு அப்படி ஒரு வழி இல்லை.

ஜூலை 27, ஞாயிறு

கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடித் திருவாதிரை விழா, பிரதமர் வந்திருந்தார், இராஜேந்திரன் கப்பற்படை கடல் கடந்து போய் ஆயிரம் வருடம் ஆனதற்காக. டிவியில் மதியம் வரை அதுதான். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் நான் திரிசடைக் கப்பல்களை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தேன். "இதுவும் அவரேதானா?" என்று எட்டிப் பார்த்தார். ஆமாம்ப்பா என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "யானை ஏன் இவ்வளவு மெதுவா போகுது, உன் கம்ப்யூட்டர் கோளாறா?" என்றார். யானையே அப்படித்தான் என்று சொன்னேன், நம்பின மாதிரி தெரியவில்லை.

கிராஸ்ஓவருக்கு இலவச நாட்கள் முடிந்ததுமே காசு கட்டிவிட்டேன். அடுத்து வெண்பா என்ற கேமை விளையாட வேண்டும். 2023-இல் வந்தது, கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம், அம்மா எழுதிய சமையல் குறிப்பில் அழிந்துபோன இடங்களை நாமே ஊகித்து இட்லி, புட்டு என்று செய்ய வேண்டும். சின்ன கேம்தான், இந்த லேப்டாப் சூடாகக்கூட வாய்ப்பில்லை. விண்டோஸ் பதிப்பை வாங்கியாயிற்று, பாட்டில் போட்டு வைத்திருக்கிறேன்.