1.4 மில்லி மருந்துக்கு 5 மாதம்

இது என் மகளின் வலிப்புக்குக் கன்னாபிடையால் என்ற மருந்தை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க, 2022 ஜனவரி முதல் ஜூன் வரை நாங்கள் அலைந்த கதை. விதிகளும் மருந்து கிடைக்கும் இடங்களும் மாறிக்கொண்டே இருப்பவை. ஆகவே இதே மருந்தைத் தேடுகிறவர்கள், உள்நாட்டிலேயே கிடைக்கிறதா என்று நரம்பியல் மருத்துவரிடம் முதலில் கேட்டுவிட்டு, அதன்பின் இறக்குமதி அனுமதியைப் பற்றி யோசியுங்கள்.

என் மகளுக்கு டிராவே நோய்க்குறி; கைக்குழந்தைப் பருவத்திலேயே தொடங்கும், மருந்துக்கு எளிதில் அடங்காத வலிப்பு நோய். ஆறாம் மாதத்தில், காய்ச்சல் இறங்கிய மறுநாள், அமுச்சி (தாய்வழிப் பாட்டி) வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது முதல் வலிப்பு வந்தது. உள்ளூரில் ஒரு மருத்துவமனையில் கொடுத்த கார்பமசெபைன் என்ற வலிப்பு மருந்து வலிப்பைக் கூட்டியது. இந்த நோயில் அந்த வகை மருந்துகள் ஆகாது என்பது, எஸ்சிஎன்1ஏ மரபணுச் சோதனை முடிவு வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதன்பின் வேல்பரோயேட், குளோபசாம், டோபிராமேட் என்று எல்லாம் பார்த்தாயிற்று. தேங்காய் எண்ணெயும் முட்டையுமாக எட்டு மாதம், மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோஜெனிக் உணவும் கொடுத்தாயிற்று. வலிப்பு வந்தால் அடக்க மூக்கில் அடிக்கும் மிடசோலம் என் கைப்பையிலும், கணவரின் வண்டிப் பெட்டியிலும், மாமனாரின் சட்டைப் பையிலும் எப்போதும் இருக்கும். 2021 டிசம்பரில் நான் வைத்திருக்கும் வலிப்பு நோட்டில் 31 பெரிய வலிப்புகள். அப்போது அவளுக்கு 4 வயது, எடை 14 கிலோ.

பொங்கல் முடிந்து கோவைக்குப் போனபோதுதான் மருத்துவர் கன்னாபிடையால் என்ற பெயரைச் சொன்னார். கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுத்துச் சுத்திகரித்த ஒரே ஒரு பொருள் அது. போதை தரும் டிஎச்சி வேறு, இது வேறு என்றார். 2017-இல் வெளியான ஆய்வொன்றில், இதே நோயுள்ள 120 பிள்ளைகளில் இந்த மருந்தைக் குடித்தவர்களுக்கு மாத வலிப்பின் நடு எண்ணிக்கை 12.4-இலிருந்து 5.9-ஆகக் குறைந்ததையும், வெறும் கரைசல் குடித்தவர்களுக்கு 14.9 என்பது 14.1-இலேயே நின்றதையும் தாளில் எழுதிக் காட்டினார். அதே தாளின் கீழே தூக்கக் கலக்கம், பசியின்மை, வயிற்றுப்போக்கு, வேல்பரோயேட்டோடு சேரும்போது கல்லீரல் நொதி ஏறுவது என்று பக்க விளைவுகளையும் எழுதினார். நம்பிக்கையையும் எச்சரிக்கையையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்த மருத்துவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வீட்டில் விவாதம் அன்றிரவே தொடங்கியது. அது ‘கஞ்சா வேட்டை’ என்று காவல்துறை மாநிலம் முழுக்கச் சோதனை போட்ட காலம்; நாளிதழைத் திறந்தால் தினமும் ஒரு கைதுப் படம் இருக்கும். “ஊரே பிடிச்சுக் குடுக்கறத நாம புள்ளைக்கு ஊத்தறதாங்க?” என்று மாமனார் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம், மிகக் கடுமையான கட்டுப்பாட்டுக்குரியவை என்ற நான்காம் அட்டவணையிலிருந்து கஞ்சாவை 27-க்கு 25 என்ற வாக்கில் நீக்கியதையும், இந்தியா ஆதரித்து வாக்களித்ததையும் நான் எடுத்துச் சொன்னேன். “ஓட்டுப் போட்டவங்க வீட்ல யாருக்கு வலிப்பு?” என்று கேட்டுவிட்டு அவர் வாய்க்கால் பக்கம் போய்விட்டார்.

எதிர்த் திசையில் இழுத்தவர், திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் என் சித்தப்பா மகன். அமெரிக்காவின் கொலராடோவில் சார்லட் ஃபிஜி என்ற சிறுமிக்கு இந்தச் செடியின் எண்ணெயால் வலிப்பு வெகுவாகக் குறைந்ததை 2013-இல் தொலைக்காட்சி காட்டியதிலிருந்துதான் உலகம் முழுக்கப் பெற்றோர்கள் இதைத் தேடத் தொடங்கினார்கள். அந்தக் காணொளியை அனுப்பிய கையோடு, இணையத்தில் விற்கும் ‘விஜயா’ (கஞ்சாவுக்கு ஆயுர்வேதப் பெயர்) எண்ணெயின் படத்தையும் அனுப்பினான். காணொளி அழைப்பில் ஓர் ஆயுர்வேத மருத்துவர் சீட்டு எழுதித் தருவார், மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிடும், எதற்கக்கா இந்த அலைச்சல் என்றான். எனக்கும் சபலம் தட்டியது என்பதை மறைக்கவில்லை. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா என்பது பூ, காய் விட்ட நுனிகள்தான். நுனி சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது. இலையிலிருந்து செய்யும் ஆயுர்வேத மருந்துகள் விற்பனைக்கு வருவது அந்த வழியில்தான். ஆனால் அந்தப் புட்டியின் சீட்டில் இலைச்சாறு எத்தனை மில்லி கிராம் என்றுதான் இருந்ததே தவிர, அதில் கன்னாபிடையால் எவ்வளவு, டிஎச்சி எவ்வளவு என்று இல்லை. எங்கள் மருத்துவர் சீட்டைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டார்: “இதில் அவளுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய 140 மில்லி கிராம் கன்னாபிடையாலை எப்படி அளப்பீர்கள்?” கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிற எனக்கு அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2015-இல் எடுத்த நிலைப்பாடும் ஏறத்தாழ இதுதான்: முறையான ஒப்புதல் பெறாத கஞ்சாப் பொருள்களைக் குழந்தைகளுக்குக் கொடுப்பதை எதிர்க்கிறார்கள், வேறு வழியற்ற கொடிய நோயாளிகளுக்கு மட்டும் இடம் விடுகிறார்கள்.

ஆக, 2018 ஜூனில் அமெரிக்கா ஒப்புதல் தந்த, ஒரு மில்லியில் 100 மில்லி கிராம் கன்னாபிடையால் உள்ள கரைசலைத்தான் வரவழைப்பது என்று முடிவாயிற்று. இங்கே விற்காத மருந்தைச் சொந்த உபயோகத்துக்கு வரவழைக்க 12ஏ படிவத்தில் விண்ணப்பித்து, 12பி படிவத்தில் அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பம் இணையவழியில்தான், மருத்துவர் சீட்டு, நோயாளியின் அடையாளச் சான்று, அளவு விவரம் இருந்தால் போதும். படிக்க எளிதாகத்தான் இருந்தது.

முதல் அடி அடையாளச் சான்றில் விழுந்தது. முதல் வருடம் முழுக்க மருத்துவமனையிலேயே கழிந்ததால் பெயர் சூட்டு விழா தள்ளித் தள்ளிப் போய், பிறப்புச் சான்றிதழில் பெயர் என்ற கட்டம் வெறுமையாகவே இருந்தது. மருத்துவமனை அட்டையிலோ வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயர். பெயரைச் சேர்க்காமல் ஆதார் எடுக்க முடியாது. ஒரு வருடம் தாண்டிவிட்டாலும் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் கட்டிப் பெயர் சேர்க்கலாம் என்பதால், சாதாரண வேலைதானே என்று பிறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். அவசரத்தைக் காட்டுவதற்காக மருத்துவர் கடிதத்தின் நகலையும் விண்ணப்பத்தோடு இணைத்தேன். என் வாழ்க்கையில் நான் இணைத்த தேவையற்ற இணைப்புகளில் அதற்கே முதலிடம். மருத்துவமனைத் தட்டச்சர் அந்தக் கடிதத்தில் மருந்தின் பெயரை எழுதாமல் ‘கன்னாபிஸ் எண்ணெய்’ என்று அடித்திருந்தார். எழுத்தர் அதை ஒருமுறை மனதுக்குள் படித்தார். பிறகு தலையை நிமிர்த்தி, வரிசையில் கடைசியில் நின்றவருக்கும் கேட்கும்படி, “ஏனுங்க, இது கஞ்சா எண்ணெய்ங்களா?” என்றார். இடுப்பிலிருந்த மகளோடு சேர்த்து என்னையும் எல்லோரும் பார்த்தார்கள். அன்று அவர் விண்ணப்பத்தை வாங்கவில்லை. மேலதிகாரி வரட்டும் என்றார். மேலதிகாரி அடுத்தடுத்து மூன்று முறை நான் போனபோதும் வரவில்லை. நான்காம் முறை கடிதத்தை உருவி எடுத்துவிட்டு வெறும் விண்ணப்பத்தை மட்டும் நீட்டினேன். பத்து நிமிடத்தில் ரசீது கொடுத்தார்கள்.

பெயர் ஏறி ஆதாரும் வந்து சேர்ந்தபோது மார்ச் கடைசி. அடுத்த வாரம் வீட்டுக்கு ஒரு காவலர் வந்தார். யார் சொல்லி வந்தார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாமியார் கை நடுங்க மோர் கொண்டுவந்து கொடுத்தார். பக்கத்து வீட்டு மதில்மேல் இரண்டு தலைகள் தெரிந்தன. நான் கோப்பை விரித்து, போதைப்பொருள் சட்டத்தின் 8-ஆம் பிரிவு தடை விதிக்கும்போதே மருத்துவ, அறிவியல் நோக்கங்களை விலக்கி வைத்திருப்பதையும், மருந்து இன்னும் வரவேயில்லை, அனுமதிக்குத்தான் விண்ணப்பிக்கப் போகிறோம் என்பதையும் சொன்னேன். அவர் படித்துக்கொண்டிருக்கும்போதே மகளுக்கு வலிப்பு வந்தது. நான் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து மணி பார்க்க, கணவர் மிடசோலத்தை எடுக்க, மூன்று நிமிடம் ஐம்பது நொடியில் அடங்கியது. காவலர் தொப்பியைக் கையில் பிடித்தபடி அது வரை நின்றுகொண்டே இருந்தார். பிறகு, “மருந்து சீக்கிரம் வரட்டும் அம்மிணி” என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு மாமனார் கஞ்சா என்ற சொல்லையே வீட்டில் எடுக்கவில்லை. அவரும் ‘புட்டி மருந்து’ என்றே சொல்லத் தொடங்கினார்.

ஏப்ரலில் புளியம்பட்டி, அன்னூர் வழியாக மறுபடியும் கோவைக்குப் பேருந்தேறி, புதுக் கடிதம் கேட்டேன். செடியின் பெயர் வேண்டாம்; மருந்தின் வேதிப்பெயரும் செறிவும் மட்டும் இருக்கட்டும் என்று சொல்லி, பெயர், இனிஷியல், பிறந்த தேதி எல்லாவற்றையும் ஆதாரோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்கினேன். எதையும் மறைக்கச் சொல்லவில்லை. மருந்துக்கு எது பெயரோ அதை எழுதச் சொன்னேன், அவ்வளவுதான். இத்தனை பார்த்தவள் பார்க்க வேண்டிய ஒன்றைப் பார்க்கத் தவறினேன். கிலோவுக்கு 10 மில்லி கிராம் வீதம் 14 கிலோவுக்கு ஒரு நாளைக்கு 140 மில்லி கிராம், அதாவது 1.4 மில்லி. தட்டச்சரின் விரல் புள்ளியை விட்டுவிட்டது. கடிதத்தில் 14 மில்லி என்று இருந்தது. ஆறு மாதத்துக்கு 3 புட்டி போதும் என்ற இடத்தில் கணக்குப்படி 26 புட்டி வருகிறது. விண்ணப்பம் விளக்கம் கேட்டுத் திரும்பி வந்தது. நியாயமான கேள்வி, அதைக் கேட்காமல் விட்டிருந்தால்தான் நான் பயந்திருக்க வேண்டும். ஆனால் பிழையைத் திருத்தி மருத்துவரின் கையெழுத்தையும் முத்திரையையும் வாங்க, அவர் மாநாட்டுக்குப் போயிருந்ததால், இன்னும் பதினொரு நாள் போயிற்று. அந்தப் பதினொரு நாளில் நோட்டில் 14 வலிப்புகள் ஏறின. அதற்குப் பிறகு அனுமதி சிக்கலின்றி வந்துவிட்டது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் இந்த மருந்து வந்த புதிதில் ஒரு வருடச் செலவு 32,500 டாலர் என்று விலை வைத்தார்கள். எடை குறைந்த பிள்ளைக்குக் குறைவாகத்தான் ஆகும் என்றாலும், எங்கள் மூன்று புட்டிக்கு என் ஆரமும் ஓர் ஏக்கர் மஞ்சளின் வருமானமும் போயின.

ஜூன் முதல் வாரம் பெட்டி சென்னைக்கு வந்து, சுங்கத்தைக் கடந்து, தனியார் கூரியர் கிடங்கில் நின்றுவிட்டது. உள்ளிருந்த விவரச் சீட்டில் செடியின் பெயரைப் பார்த்த யாரோ, போதைப்பொருள் தடையின்மைச் சான்று இல்லாமல் அனுப்ப முடியாது என்று தொலைபேசியில் சொன்னார்கள். அனுமதியின் நகலை இரண்டு முறை மின்னஞ்சலில் அனுப்பினேன். மூலப்பிரதி வேண்டும் என்றார்கள். மருந்தை 20 முதல் 25 டிகிரிக்குள் வைக்க வேண்டும், இடையில் 30 வரை தாங்கும். சென்னையிலோ அப்போது 39. 2018 ஜூனில், பில்லி கால்டுவெல் என்ற சிறுவனின் வலிப்பு மருந்தை லண்டன் விமான நிலையத்தில் அவன் தாயிடமிருந்து பறித்துக்கொண்டதைப் படித்திருந்தேன். அந்தக் கூச்சலுக்குப் பிறகுதான் பிரிட்டன் அந்த நவம்பரில் விதியையே மாற்றியது. எனக்கு விதியெல்லாம் மாற வேண்டாம், பெட்டி வெயிலில் வேகாமல் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு, ஈரோட்டில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினேன்.

காலையில் கிடங்குக்குப் போய் மூலப்பிரதியைக் காட்டியதும் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார்கள். கிடங்கு தகரக் கூரை. என் வயிறு கலங்கியது. ஆனால் பெட்டி வந்தது கிடங்கிலிருந்து அல்ல. கஞ்சாவாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு, தொலைந்துபோனால் வம்பு என்று, மேலாளரின் குளிர்சாதன அறையில் பூட்டி வைத்திருந்தார்கள்! பெட்டிக்குள் இருந்த வெப்பப் பதிவுக் கருவியில் உச்ச அளவு 27. மூன்று நாள் அவர்களை நான் மனதுக்குள் திட்டியதைப் பாதி திரும்பப் பெற்றுக்கொண்டேன்; பாதிதான்.

ஆரம்ப அளவு காலையில் 0.35 மில்லி, இரவில் 0.35 மில்லி, ஒரு வாரம் கழித்து இரட்டிப்பு. புட்டியைத் திறந்த தேதியை அதன்மேலேயே எழுதி வையுங்கள். 12 வாரம் தாண்டினால் மீதியைக் கொட்டிவிட வேண்டும். குளோபசாம் கொடுக்கிறவர்கள் கவனமாக இருங்கள்: இரண்டும் சேர்ந்ததில் மகள் நாள் முழுக்கத் தூங்கி, சோறு ஊட்டும்போதே தலை சாய்ந்தாள், குளோபசாமைக் குறைத்த பிறகுதான் விழித்தாள். முதல் மாத இரத்தச் சோதனையில் கல்லீரல் நொதி ஏறியிருந்ததால் வேல்பரோயேட்டையும் குறைத்தார்கள். மூன்றாம் மாதம் நோட்டில் 17. வலிப்பு நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. செப்டம்பரில் முதல் முறையாக ஆறு நாள் தொடர்ந்து பக்கம் வெறுமையாக இருந்தது. ஏழாம் நாள் வந்தது.

இருப்பு தீரும் முன்பே அடுத்த அனுமதிக்குப் போனபோது அவள் எடை 16 கிலோ. அதே தட்டச்சர்தான். நான் அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சங்கத்தில் காசோலைக்கு எழுதுவதுபோல எண்ணாலும் எழுத்தாலும் அடிக்கச் சொன்னேன். 1.6 மில்லி என்று அடித்து, பக்கத்தில் ஒன்று புள்ளி ஆறு மில்லி என்று எழுத்தில் அடித்துவிட்டு, “கடைசியில் ‘மட்டும்’ போடட்டுங்களா?” என்று கேட்டார். போடச் சொன்னேன்.