நத்தைக்கு உப்பு போடாதீங்க, ப்ளீஸ்

மழை ஆரம்பிச்சா போதும், தோட்டம் வச்சிருக்கிற எல்லாரும் நத்தை நாத்தையெல்லாம் மொட்டை அடிச்சுட்டு போயிடுச்சுன்னு புலம்ப ஆரம்பிச்சிடறாங்க, உடனே யாராவது வந்து கல்லுப்பு தூவுங்கன்னு சொல்லிடறாங்க. தயவு செஞ்சு அத மட்டும் பண்ணாதீங்க. உப்பு பட்டா நத்தை உடம்புல இருக்கிற தண்ணியெல்லாம் வெளிய வந்து துடிச்சு சாகும், பாக்கவே கஷ்டமா இருக்கும். அது போக அந்த உப்பு எங்கயும் போயிடாது, அடுத்து ஊத்துற தண்ணியில கரைஞ்சு வேர் வரைக்கும் இறங்கிடும். தொட்டிச் செடின்னா இன்னும் மோசம். செடிய காப்பாத்தத்தானே இவ்ளோ பாடு?

முதல்ல தின்னது நத்தைதானான்னு பாருங்க. புழு தின்னா இலை மேலயோ கீழயோ கருப்பா எச்சம் கிடக்கும். நத்தைன்னா காஞ்சுபோன பசை மாதிரி பளபளன்னு ஒரு கோடு இலையில, தொட்டி விளிம்புல எல்லாம் ஓடும், காலைல சாய்வா வெயில் அடிக்கும்போது நல்லாவே தெரியும். இலையில விழுற ஓட்டை ஒழுங்கில்லாம கிழிஞ்ச மாதிரி இருக்கும், ஏன்னா அதோட நாக்குல ஆயிரக்கணக்குல குட்டிக் குட்டி பல்லு இருக்கு, இலைய கடிக்காது, சுரண்டித்தான் திங்கும். இளம் நாத்துன்னா தண்டோட போயிடும்.

எனக்குத் தெரிஞ்சு நெஜமாவே வேலை செய்யறது கையால பொறுக்கறதுதான். இருட்டி ரெண்டு மணி நேரம் கழிச்சு டார்ச் எடுத்துக்கிட்டு போங்க, மழை விட்ட ராத்திரின்னா இன்னும் நல்லது, எல்லாம் வெளிய வந்திருக்கும். பொறுக்கி சோப்புத் தண்ணி பக்கெட்ல போட்டுடுங்க. ஆனா கிளவுஸ் இல்லாம தொடாதீங்க, இத நான் ரொம்ப சீரியஸா சொல்றேன். எலிக்கு நுரையீரல்ல வர்ற ஒரு புழு நத்தை உடம்புலயும் இருக்கலாம், அது மனுஷனுக்குள்ள போனா மூளைக்காய்ச்சல் வரைக்கும் கொண்டுபோய் விடும். வீட்ல சின்னக் குழந்தைங்க இருந்தா நத்தைய வச்சு விளையாட விடாதீங்க, பச்சையா சாப்பிடற கீரையெல்லாம் ஒவ்வொரு இலையா பிரிச்சு கழுவுங்க.

ராத்திரி போக முடியலன்னா நனைச்ச சாக்கையோ ஒரு பலகையையோ செடிக்குப் பக்கத்துல போட்டு, அடியில ரெண்டு முட்டைகோஸ் இலை வச்சிடுங்க. விடியறப்ப எல்லாம் அதுக்கடியில போய் ஒண்டிக்கும், தூக்கிப் பாத்து எடுத்துடலாம். ஒரு நாள் கூட விடாம பாக்கணும், பாக்காம விட்டா நாமளே அதுக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி ஆயிடும்.

முட்டைய நிறைய பேர் கண்டுக்கறதே இல்ல. தொட்டிய நகர்த்தினா அடியிலயும், ஈர மண்ண ரெண்டு விரல் ஆழம் கிளறினா உள்ளயும் கொத்தா வெள்ளையா சின்னச் சின்ன உருண்டையா இருக்கும், ஏதோ உரக் குருணைன்னு நினைச்சு அப்படியே மூடிடறாங்க. பெரிய ஆப்பிரிக்க நத்தை ஒரு தடவையிலயே 100-க்கு மேல முட்டை போடும், அதுவும் ஒரே உடம்புல ஆணும் பெண்ணும் இருக்கறதால எல்லா நத்தையுமே முட்டை போடக்கூடியதுதான். அதனால ஒரு கொத்து முட்டைய நசுக்கறது ஒரு மாசம் நத்தை பொறுக்கறதுக்கு சமம்னே சொல்லுவேன்.

நத்தை ஏறாம இருக்க செடிய சுத்தி கோழி முட்டை ஓட்ட நொறுக்கிப் போடறது, காப்பர் டேப் ஒட்டறது இதுல எல்லாம் எனக்கு நம்பிக்கை இல்ல. இங்கிலாந்துல ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டின்னு ஒரு தோட்டக்கலை சங்கத்துக்காரங்க லெட்டூஸ் செடிய வச்சு 2018-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, முட்டை ஓடு, காப்பர் டேப், பொடிக்கல், பைன் மரப்பட்டை, கம்பளி உருண்டை எது போட்டாலும் போடாத செடிக்கும் அதுக்கும் பெருசா வித்தியாசமே இல்ல. நத்தை தன்னோட வழவழப்பு மேலயே ஏறிப் போறதால கூர்மையா இருக்கறதெல்லாம் அதுக்கு ஒரு பொருட்டே இல்ல.

மருந்து போட்டுத்தான் ஆகணும்னா பாக்கெட்ல என்ன எழுதியிருக்குன்னு படிங்க. மெட்டால்டிஹைடுன்னு இருந்தா வேண்டாம், நாய் தின்னா உயிருக்கே ஆபத்து, பிரிட்டன்ல 2022-ல இருந்து தோட்டத்துல போடவே தடை. அயர்ன் பாஸ்பேட் குருணை எவ்வளவோ பரவால்ல, அத தின்ன நத்தை சாப்பிடறத நிறுத்திட்டு எங்கயாவது ஒளிஞ்சு சில நாள்ல செத்துடும், அதனால வெளிய ஒண்ணும் செத்துக் கிடக்காது, மருந்து வேலை செய்யலன்னு நினைச்சு மேல மேல கொட்டாதீங்க.

அப்புறம், சாயங்காலம் தண்ணி ஊத்தறவங்க காலைக்கு மாத்திக்கோங்க. ராத்திரி மேல்மண் காஞ்சிருந்தா அதால ரொம்ப தூரம் நகர முடியாது, ஓடு இல்லாத நத்தைக்கு இன்னுமே கஷ்டம். மூடாக்கையும் (மண்ணு மேல பரப்பற காஞ்ச இலை, வைக்கோல் மாதிரி) நாத்து கொஞ்சம் தேறுற வரைக்கும் தண்டுல இருந்து ஒரு சாண் தள்ளியே போடுங்க.