பற்றிப் பற்றி அணையும் ஃபர்னஸ்

கனடாவில் முதல் குளிர்காலத்தைக் கழிக்கும் பலரையும் குழப்பும் விஷயம் இது. வீட்டுக்கு வேண்டிய சூட்டைக் குறிக்கும் தெர்மோஸ்டாட்டில் 21 டிகிரி செல்சியஸ் வைத்திருப்பீர்கள். பேஸ்மென்ட்டில், வீட்டுக் காற்றைச் சூடாக்கும் காஸ் இயந்திரமான ஃபர்னஸ் பற்றும், சில நிமிடத்தில் நெருப்பு அணைந்துவிடும். ஃபேன் மட்டும் ஓட, அறைக்குக் காற்று வரும் துவாரமான வென்ட்டில் குளிர்ந்த காற்று வரும். கொஞ்ச நேரத்தில் மறுபடி பற்றும், அணையும். சூடு போதவில்லை என்று 25க்கு ஏற்றினாலும் பலன் இல்லை. ஏனென்றால் உள்ளே சூடு அளவுக்கு மீறிவிட்டது.

காஸ் எரிந்து சூடாக்குவது ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்ற உலோகக் கூட்டை. வீட்டுக் காற்று அதைத் தொட்டு ஓடித்தான் அந்தச் சூட்டை அறைகளுக்குக் கொண்டுபோகிறது. காற்று குறைந்தால் சூடு அங்கேயே தேங்கும். உடனே ஹை லிமிட் சுவிட்ச் என்ற பாதுகாப்பு சுவிட்ச் நெருப்பை அணைத்து, ஃபேனை ஓடவிடும். இது நாள்முழுக்க நடந்தால் அந்த உலோகம் விரிந்து சுருங்கி வெடிப்பு விடலாம்; கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு வீட்டுக்குள் வரும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

முதலில், காற்றின் தூசியைப் பிடிக்கும் ஃபில்டர். ஃபர்னஸின் பக்கத்து சுவிட்சை அணைத்துவிட்டு வெளியே இழுங்கள். பல வீடுகளில் அதன் அளவு 16க்கு 25 அங்குலம், கனம் 1 அங்குலம். விளக்குக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் தெரியவில்லையா, தூக்கிப் போடுங்கள். புது ஃபில்டரின் அம்புக்குறி ஃபர்னஸை நோக்கி இருக்க வேண்டும். விலை கூடியது நல்லது என்று மெர்வ் 13 வாங்குவார்கள் (மெர்வ் என்பது ஃபில்டர் தூசியைப் பிடிக்கும் திறனின் அளவு). 1 அங்குலக் கனத்தில் அது பல பழைய ஃபர்னஸ்களுக்கு மூச்சுமுட்டும். மெர்வ் 8 போதும். தாளிப்பும் பொரியலும் தினமும் நடக்கும் வீட்டில் எண்ணெய்ப் புகையோடு தூசி சேர்ந்து கம்பளிபோல் ஒட்டும். அதனால் குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை பாருங்கள்.

அடுத்து வென்ட்கள். காஸ் பில் குறையும் என்று ஆளில்லாத அறைகளின் வென்ட்டை மூடுவது தவறு, எல்லாவற்றையும் திறங்கள். காற்றை உள்ளிழுக்கும் பெரிய கிரில்லை சோபாவோ கம்பளமோ மறைக்கிறதா என்றும் பாருங்கள்.

பிறகும் அணைந்தால் ஒரு தெர்மாமீட்டர் எடுங்கள். பத்து நிமிடம் தொடர்ந்து எரிந்தபின், அதற்குள் அணைந்துவிடும் என்றால் அணைவதற்குச் சற்று முன், ஃபர்னஸுக்குள் போகும் காற்றையும் வெளிவரும் காற்றையும் அளந்து கழியுங்கள். எவ்வளவு வித்தியாசம் இருக்கலாம் என்பது ஃபர்னஸ் கதவின் உள்ளே ஒட்டிய தகட்டில் இருக்கும். தகடு 35 முதல் 65 ஃபாரன்ஹீட் என்று சொல்ல, உள்ளே 68, வெளியே 140 என்றால் வித்தியாசம் 72. காற்று இன்னும் எங்கோ அடைபடுகிறது. பெரும்பாலும் ஃபேன் சக்கரத்தில், அல்லது மேலே உட்கார்ந்திருக்கும் ஏசி காயிலின் அடிப்பக்கத்தில் தூசி படிந்திருக்கும். பேஸ்மென்ட்டில் புதிதாக டிரைவால் (ஜிப்சம் பலகைச் சுவர்) வேலை நடந்த வீடுகளில் இது அடிக்கடி வரும். இது உரிமம் பெற்ற டெக்னீஷியனின் வேலை.

லிமிட் சுவிட்சின் வயர்களை நேராகச் சேர்த்துவிட யாரையும் அனுமதிக்காதீர்கள். பொத்தான் வைத்த இன்னொரு பாதுகாப்பு சுவிட்சான ரோல்அவுட் சுவிட்ச் தானாக அணைந்திருந்தால், நெருப்பு எரியும் இடத்தைவிட்டு வெளியே வந்திருக்கலாம் என்று பொருள். அந்தப் பொத்தானை அழுத்தவே வேண்டாம். காஸ் மணத்தாலோ கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தாலோ எல்லோரும் வெளியே போய், அங்கிருந்து 911ஐ அழையுங்கள்.

வந்தவர் புது ஃபர்னஸ்தான் வழி என்றால், ஸ்டாட்டிக் பிரஷர், அதாவது காற்றுக் குழாய்களில் உள்ள அழுத்தம், அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஒன்டாரியோவில் அழைக்காமல் வாசலுக்கு வந்து ஃபர்னஸ் விற்பது 2018 மார்ச் முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. அப்படி வருபவரிடம் காஸ் பில்லைக்கூடக் காட்ட வேண்டாம்.