தேன் கடைக்கு எதைப் பற்றி எழுதுவது?

மார்த்தாண்டம் பக்கத்தில் எங்களுக்குச் சின்னதாகத் தேன் வியாபாரம். சித்தப்பா தேன்பெட்டி வைத்துத் தேன் எடுக்கிறார், நான் பாட்டிலில் அடைத்துக் கடையிலும் கூரியரிலும் விற்கிறேன். வலைத்தளம் போட்டு ஏதாவது எழுது, வெளியூர் ஆட்கள் வருவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். சரி, எதைப் பற்றி எழுத என்று கேட்டால்தான் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

தளம் அமைத்துக் கொடுத்த தம்பி ஒரு பட்டியல் அனுப்பினான். தேனின் பத்து நன்மைகள், தேனும் எலுமிச்சையும் சேர்த்தால் எடை குறையுமா, முகப்பொலிவுக்குத் தேன் என்று போகும். இவற்றைத் தேடுகிறவர்கள் ஏராளம்தான், ஆனால் அவர்கள் வீட்டில் ஏற்கெனவே ஏதோ ஒரு பாட்டில் இருக்கிறது, படித்துவிட்டு அதை எடுத்துக் கலக்குவார்களே தவிர நம்மிடம் வாங்கப் போவதில்லை. முதல் பக்கத்தைப் பெரிய மருத்துவத் தளங்களும் பத்திரிகைகளும் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. உணவுப் பொருளை விற்றுக்கொண்டே அது நோயைக் குணமாக்கும் என்று எழுதினால் உணவுப் பாதுகாப்பு விதிகளில் மாட்டிக்கொள்ளவும் வேண்டும். பட்டியலை ஓரமாக வைத்துவிட்டேன்.

அப்புறம் கடை வாட்ஸ்அப்பைத் திறந்து பழைய செய்திகளைப் படித்தேன். பணம் அனுப்பும் முன் என்ன கேட்கிறார்கள், பார்சல் கைக்கு வந்தபின் என்ன கேட்கிறார்கள், இந்த இரண்டை மட்டும் நோட்டில் குறித்தேன். சென்னையிலிருந்து ஒரு அக்கா போட்டோவோடு அனுப்பியிருந்தார்: "தம்பி, பாட்டில் அடியில சர்க்கரை மாதிரி கட்டியா நிக்குது, பாகு கலந்துட்டீங்களா?" இதே கேள்வி வேறு வேறு ஊர்களிலிருந்து, சிலர் கோபமாக, சிலர் தயங்கித் தயங்கி, திரும்பத் திரும்பக் கேட்டிருந்தார்கள்.

முதல் கட்டுரை அதுதான். எங்கள் தேனில் பெரும்பகுதி ரப்பர் தேன். குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துப் புதுசாகத் துளிர்க்கும்போது, காம்பில் மூன்று சிற்றிலைகள் சேரும் இடத்தில் இருக்கிற சுரப்பியில் இனிப்பு நீர் கசியும், தேனீ எடுப்பது பெரும்பாலும் அதைத்தான். இந்தத் தேனில் குளுக்கோஸ் அதிகம், அதனால் சீக்கிரம் உறையும். பாட்டிலை இளஞ்சூடான தண்ணீரில் வைத்தால் இளகிவிடும், நேராக அடுப்பில் வைக்கக் கூடாது. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தொட்டுக் கொளுத்துவது இதையெல்லாம் வைத்துக் கலப்படத்தை உறுதியாகச் சொல்ல முடியாது, ஆய்வகத்தில்தான் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தேன். பூவிலிருந்து வராததும் தேனா என்று சிலர் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும், அதைச் சொல்லாமல் உறைவதை எப்படி விளக்குவது?

அடுத்து கூகுள். தேடும் பெட்டியில் 'மார்த்தாண்டம் தேன்' என்று தட்டி நிறுத்தினால் ஆட்கள் தேடுவதையெல்லாம் அதுவே கீழே நீட்டும். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்கள் நிறைய, அதனால் இரண்டு விதமாகவும் பார்க்க வேண்டும். தளம் கொஞ்ச காலம் ஓடியபின் கூகுளின் சர்ச் கன்சோல் என்ற கருவி கைகொடுக்கும், காசு கிடையாது. எந்தத் தேடலில் நம் பக்கம் தலைகாட்டியது, அதில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று காட்டும். நிறையத் தடவை தலைகாட்டியும் யாரும் அழுத்தவில்லை என்றால் அந்த விஷயத்துக்குத் தனிக் கட்டுரை போடலாம். எனக்கு அப்படிக் கிடைத்தது சிறுதேன் விலை. சிறுதேனைத் தரும் சின்னத் தேனீ கொட்டாது, அடையில் அல்லாமல் மெழுகும் பிசினும் கலந்த குட்டிக் குடங்களில் தேனைச் சேர்க்கும், ஒரு கூட்டில் வருஷத்துக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். விலையை எழுதினால் ஆள் ஓடிவிடும் என்று இங்கே பலர் எழுத மாட்டார்கள். என்னைக் கேட்டால் விலையைத் தேடுகிறவன்தான் வாங்குகிறவன். போனில் ஆர்டர் சொல்கிறவர்களில் பலரும் இதைப் படித்துவிட்டுத்தான் பேசுகிறார்கள்.

எழுதியது தேடலில் மேலே வர வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். ஆகவே ரப்பர் தேன் பற்றியதை, அந்தத் தேன் வரும் பருவத்துக்கு முன்பே, மழைக்காலத்திலேயே போட்டுவிடுவேன்.

வியாபாரத்தைக் குறைக்கிற தலைப்பும் உண்டு. கடைக்கு வந்த ஒரு பாட்டி, "மக்களே, பிறந்த பிள்ளைக்கு நாக்குல தொட்டு வைக்கணும், நல்ல தேனாத் தா" என்றார். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது, பொட்டுலிசம் என்ற விஷபாதிப்பு வரலாம் என்றதும் என்னை முறைத்துவிட்டுப் போனார். அதையும் எழுதிப் போட்டிருக்கிறேன்.

இப்போது இழுத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான். தேனீக்குச் சீனிப்பாகு கொடுக்கிறீர்களாமே என்று கேட்கிறார்கள். உண்மைதான், தீனி கிடைக்காத மழை மாதங்களில் கூட்டைக் காப்பாற்றக் கொடுக்கிறோம், தேன் வரத்துத் தொடங்கும் முன் நிறுத்திவிடுகிறோம். எழுதி வைத்துவிட்டேன். "அத எதுக்குடே வெளிய சொல்லிட்டு?" என்கிறார் சித்தப்பா. வாங்குகிறவர்களே கேட்கும்போது நாமே சொல்லிவிடுவதுதான் நல்லது என்பது என் கட்சி. பாகு ஊற்றுவதைப் படம் எடுக்க மட்டும் இன்னும் அவர் விடவில்லை.