கீழ்த்தளத்து ஆபீஸ்

ஜூன் 9, 2025, திங்கள்

எங்கள் காலேஜ் ஆபீஸ் மேடத்தின் காரியம் நேற்று குடிபாலாவில் முடிந்தது. இன்று காலேஜுக்கு வந்ததும் பிரின்சிபால் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை நினைவுக் கூட்டமாம். "நீங்கதான் அவங்ககூட ரொம்ப வருஷம் வேலை பார்த்தவர், ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க" என்றார். மாதிரிக்கு யாரோ நாலு வரி முன்பே எழுதி வைத்திருந்தார்கள். உடல் குறையை வென்றவர், தன்னம்பிக்கையின் சிகரம், புன்னகை மாறாத முகம்.

படித்ததும் கோபம் வந்தது. மேடம் புன்னகை மாறாதவர் இல்லை. கேஷ் புக்கில் ஒரு தொகையை அடித்துத் திருத்தியிருந்தால் அன்று அவர் முகத்தைப் பார்க்கவே முடியாது. முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு கல்லூரி அலுவலகத்தைத் தாங்கியவரைப் பற்றி எழுதும்போது, அவர் உட்கார்ந்திருந்த சக்கர நாற்காலி மட்டும்தானா கண்ணில் பட வேண்டும்?

ஒரு பக்கத்தில் அடங்காது. அதனால் இங்கே எழுதப் போகிறேன், நேரம் கிடைக்கிறபோது கொஞ்சம் கொஞ்சமாக.

ஜூன் 11, புதன்

அவருடைய சர்வீஸ் ரிஜிஸ்டரை இன்று எடுத்துப் பார்த்தேன். 1979ல் எல்.டி.சி.யாக, அதாவது கீழ்நிலை எழுத்தராக, சேர்ந்திருக்கிறார். 1983ல் வேலூருக்குப் போன பஸ் கவிழ்ந்ததில் முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அந்தப் பக்கத்தில் நீண்ட விடுப்புகள் வரிசையாக, பழைய நீல மசியில்.

சித்தூர்க்காரர்களுக்குப் பெரிய நோய் என்றால் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிதான். ஆபரேஷனுக்குப் பிறகு அவரைப் பாகாயத்தில் இருக்கும் மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பினார்கள். அதை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸைப் பற்றி மேடம் நிறையச் சொல்வார். கொச்சிப் பக்கத்தில் பிறந்தவர், சி.எம்.சி.யில் படித்தவர். 1954ல் கார் விபத்தில் அவருக்கும் முதுகுத்தண்டு போனது. ஆனாலும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்து அந்தத் துறைக்கே தலைமை ஏற்றார். 1966ல் பாகாயம் மையம் வந்தது. 1972ல் பத்மஸ்ரீ. "அந்தம்மா தைரியமா இருந்தாங்கங்கறது சரி தம்பி. எனக்கு முக்கியம், அவங்க எல்லாத்தையும் ஒரு முறையாக்கி வெச்சாங்க. எத்தனை மணிக்கு எழுந்திருக்கணும், எப்படி நாற்காலிக்கு மாறணும், தோலை எப்படிப் பார்த்துக்கணும். அந்த முறைதான் என்னை வேலைக்குத் திருப்பி அனுப்பிச்சது" என்பார்.

தோல் விஷயம் வெளியாட்களுக்குத் தெரியாது. உணர்ச்சி இல்லாத இடத்தில் அழுத்தம் விழுந்துகொண்டே இருந்தால் ரத்த ஓட்டம் நின்று புண் வரும். வந்தால் மாதக்கணக்கில் குப்புறப் படுக்க வேண்டும். அதனால் கால் மணிக்கு ஒருமுறை இரண்டு கைகளையும் நாற்காலியின் பக்கத்துச் சட்டத்தில் ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்க வேண்டும். பரீட்சை ஃபீஸ் கட்ட நூறு பேர் ஜன்னலில் நின்றாலும், பேங்க் டி.டி.க்களை எண்ணிக்கொண்டே, பேச்சை நிறுத்தாமல் தூக்கி இறக்குவார். புதிதாகச் சேர்ந்தபோது எனக்கு அது என்னவென்றே விளங்கவில்லை. சர்வீஸில் ஒரு நாள்கூட அவருக்குப் பெரிய புண் வந்து விடுப்பு எடுத்ததாக ரிஜிஸ்டரில் இல்லை.

திரும்பி வந்தபோது வேலை சும்மா கிடைக்கவில்லை. அன்றைய நிர்வாகம் மருத்துவக் காரணம் காட்டி ஓய்வு கொடுத்து அனுப்பப் பார்த்தது. பணியில் இருக்கும்போது ஊனமடைந்தவரை வேலையை விட்டு நீக்கக்கூடாது, பதவியைக் குறைக்கக்கூடாது என்ற சட்டம் 1995ல்தான் வந்தது. அதில் 47ஆம் பிரிவு. இவர் பிரச்சினை அதற்கெல்லாம் முன்பு. கையில் சட்டம் ஒன்றும் இல்லாமல் ஒரு மனு எழுதினார். அதன் நகல் ஃபைலில் இருக்கிறது. தான் செய்து வந்த வேலைகளை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே கை, கண், காது, கால் என்று நான்கு கட்டம். காலுக்கு நேரே டிக் இருப்பது ஒரே இடத்தில்: ட்ரெஷரிக்குப் போய் வருவது. அதற்கு அட்டெண்டர் போதும் என்று அடிக்குறிப்பு. அழுது ஒரு வார்த்தை இல்லை. அந்த மனுவுக்குத்தான் வேலை திரும்பக் கிடைத்தது.

ஜூன் 13, வெள்ளி

கூட்டம் நடந்தது. நான் எழுதிக்கொடுத்ததை வாசிக்க நேரமில்லை என்றார்கள். சரி.

அங்கே வேறொரு செய்தி காதில் விழுந்தது. ஆபீஸை புது பிளாக்கின் மாடிக்கு மாற்றப் போகிறார்களாம். கீழே இருக்கிற ஹால் ஸ்மார்ட் கிளாஸ் ஆகுமாம். லிஃப்ட் "அப்புறம்" வருமாம்.

ஜூன் 15, ஞாயிறு

சரிவுப் பாதையைப் பற்றி எழுதியே ஆக வேண்டும்.

பழைய ஆபீஸ் வராண்டாவுக்கு இரண்டு படி, ஒவ்வொன்றும் அரை அடி. ஆக மொத்தம் ஒரு அடி. மேடம் வேலைக்குத் திரும்பியதும் இரண்டு அட்டெண்டர்கள் நாற்காலியோடு தூக்கி மேலே வைப்பார்கள். அந்தக் காலத்து இரும்பு மடக்கு நாற்காலி, அதுவே நல்ல கனம். கொஞ்ச நாளில் அவருக்கு அது பிடிக்கவில்லை. "ஆள் வந்தாத்தான் ஆபீசுக்குள்ள போகமுடியும்னா நான் எதுக்கு சாவி வெச்சிருக்கேன்" என்று கேட்டிருக்கிறார்.

மேஸ்திரியை வரவழைத்தார்கள். அவர் நாலடி நீளத்துக்கு ஒரு சரிவு கட்டிவிட்டுப் போனார். பார்க்க அழகாக இருந்தது. ஏற முடியவில்லை, இறங்கினால் கவிழும். பாகாயத்தில் சொல்லிக் கொடுத்த கணக்கு மேடத்துக்குத் தெரியும்: ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். இன்றைக்கு மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளிலும் அதே ஒன்றுக்குப் பன்னிரண்டுதான் இருக்கிறது. அவர் சாக்பீஸால் தரையில் பன்னிரண்டு அடிக்குக் கோடு போட்டு, அதை உடைத்துவிட்டுத் திரும்பக் கட்டவைத்தார். கூடவே கதவு நிலையை மூன்றடியாக அகலப்படுத்தச் சொன்னார். உள்ளே ஐந்தடிக்கு ஐந்தடி இடம் காலியாக வைத்தார், நாற்காலி திரும்ப.

கழிவறை வர இன்னும் பல வருஷம் ஆனது. அதுவரை காலையிலிருந்து மாலை வரை தண்ணீர் குடிக்காமல் இருப்பாராம். சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், மறுபடியும் வேலூர். இதை எனக்குச் சொன்னது அட்டெண்டரம்மா. மேடம் என்னிடம் சொன்னதில்லை. அவர் உறுதியைப் புகழ்கிறவர்கள் இந்தத் தாகத்தை எங்கே வைப்பார்கள்? அது உறுதி அல்ல. ஒரு கதவை அகலமாக வைக்காததற்கு ஒரு பெண் தன் சிறுநீரகத்தால் கட்டிய அபராதம்.

சரிவு வந்த பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். கிழங்கட்டைகள் எல்லாம் அதில்தான் ஏறினார்கள். பேத்தியின் டி.சி. வாங்க வந்த ஆயா, மாந்தோப்பில் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்த அப்பா, நிறைமாதத்தோடு மார்க் மெமோ வாங்க வந்த பழைய மாணவி. படி பக்கத்திலேயே இருந்தும் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

ஜூன் 20, வெள்ளி

அட்மிஷன் விசாரிக்க ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். இன்று காட்பாடியில் பிளஸ் டூ முடித்த ஒரு பையன், குடிபாலா மண்டலத்துக்காரன், அப்பாவோடு வந்தான். வேறெங்கோ "நீ நான்-லோக்கல், சீட் கிடையாது" என்று அனுப்பிவிட்டார்களாம். உட்காரவைத்துப் பேசினேன். பேசும்போது மேடத்தின் குரலே என் வாயில் வருகிறது.

எல்லை ஊர்க் காலேஜ் ஆபீஸ் என்றால் இதுதான் வேலை. 1960ல் திருத்தணி அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக்குப் போனது, சித்தூர் இந்தப் பக்கம், ஆந்திராவில் நின்றது. வீடு இங்கே, பள்ளிக்கூடம் அங்கே என்று பிள்ளைகள் இன்னும் அலைகிறார்கள். 1974ஆம் ஆண்டின் ஜனாதிபதி உத்தரவுப்படி 85 சதவீத இடங்கள் உள்ளூர் மாணவர்களுக்கு. உள்ளூர் என்றால் கடைசி நான்கு வருஷம் இந்தப் பகுதியில் படித்திருக்க வேண்டும். காட்பாடியிலோ குடியாத்தத்திலோ படித்தவன் அதில் வரமாட்டான். பல ஆபீஸ்களில் அத்தோடு கதவைச் சாத்திவிடுவார்கள். மீதி 15 சதவீதத்தின் விதியை மேடம் முழுக்கப் படித்திருந்தார்: அப்பாவோ அம்மாவோ மொத்தம் பத்து வருஷம் மாநிலத்தில் குடியிருந்ததாகத் தாசில்தாரிடம் சான்று வாங்கி வந்தால் அதில் போட்டியிடலாம். எத்தனை பிள்ளைகள் அந்த ஒரு தாளால் டிகிரி முடித்தார்கள்!

அடுத்தது பெயர். தமிழ்நாட்டு சர்டிஃபிகேட்டில் ஒரே ஒரு இனிஷியல். ஆந்திராவில் வீட்டுப் பெயர் முன்னால் வரும். ரேஷன் கார்டில் ஒன்று, பேங்க் பாஸ்புக்கில் ஒன்று. ஸ்காலர்ஷிப் பணம் வந்து பெயர் ஒத்துப்போகாமல் திரும்பிப் போய்விடும். மேடம் ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். சேரும் அன்றே பிள்ளையின் பெயரைத் தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் மூன்றிலும் எழுதி, பத்தாம் வகுப்பு சர்டிஃபிகேட்டில் உள்ள எழுத்துகளோடு ஒத்துப்பார்த்து, அப்பாவிடம் கையெழுத்து வாங்குவார். கைநாட்டு என்றால் கைநாட்டு. அவர் போனபின் அந்த நோட்டை நான் தொடர்கிறேன். அவரைப் பற்றிய நினைவு மலர் போடுகிறவர்கள் அதில் ஒரு பக்கத்தை ஃபோட்டோ எடுத்துப் போட்டாலே போதும் என்று தோன்றுகிறது.

ஜூன் 28, சனி

தோதாபுரி மாம்பழ விலை விழுந்து கிடக்கிறது. கூழ் ஃபேக்டரிகளுக்கு வெளியே டிராக்டர்கள் ரோடு முழுக்க நிற்கின்றன. ஆபீசுக்கு வரவே நேரமாகிவிட்டது.

பீரோவில் ஒரு தடித்த ஃபைல் கிடைத்தது. மேலே மேடத்தின் கையெழுத்தில் "47" என்று மட்டும். உள்ளே 1995 சட்டத்தின் நகல், 2003ல் வந்த குணால் சிங் வழக்கின் தீர்ப்பு. பாதுகாப்புப் படைக் கான்ஸ்டபிள் ஒருவர், இடது கால் எடுக்கப்பட்டது. தகுதியில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அவரை வேலையில் வைத்திருக்கத்தான் வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அந்தத் தீர்ப்பு வந்த சில மாதங்களில் நம் மாணவி ஒருத்தியின் அப்பாவுக்கு அதே நிலை. வண்டி ஓட்டுகிறவர், விபத்தில் கால் போனது. அவர் வேலை பார்த்த இடத்தில் கணக்கை முடித்து அனுப்பத் தயாராக இருந்தார்கள். மகள் டி.சி. வாங்கிக்கொண்டு வேலைக்குப் போக வந்தாள். மேடம் டி.சி. எழுதவில்லை. அப்பாவை வரச்சொல்லி, அதே கை, கண், காது, கால் கட்டம் போட்டு, தீர்ப்பின் நகலை இணைத்து, மனுவை அவரே டைப் அடித்தார். அப்பாவுக்கு உள்வேலை கிடைத்தது. பெண் டிகிரி முடித்தாள்.

இது எந்த ரிப்போர்ட்டிலும் இல்லை. காலேஜ் வேலை இல்லை என்று அன்று ஒருவர் குறை சொன்னதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு பிள்ளை படிப்பை விடாமல் இருக்கச் செய்வதைவிடக் காலேஜ் ஆபீசுக்கு வேறென்ன வேலை?

ஜூலை 4, வெள்ளி

மாடிக்கு மாற்றும் சர்குலர் வந்துவிட்டது. நான் ஒரு நோட் எழுதினேன்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு: கல்வி நிறுவனத்தின் கட்டடமும் வளாகமும் மாற்றுத்திறனாளிகள் அணுகும்படி இருக்க வேண்டும். 45ஆம் பிரிவு: பழைய பொதுக் கட்டடங்களையும் விதிகள் வந்த ஐந்து வருஷத்துக்குள் அப்படி மாற்ற வேண்டும். விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு முடிந்தே மூன்று வருஷம் ஆகிறது. தனியார் கட்டடமும் பொதுமக்கள் வந்துபோனால் பொதுக் கட்டடம்தான் என்று சட்டமே சொல்கிறது. போன நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது: அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் செல்லாது, கட்டாயமாக்க வேண்டும். தீர்ப்பு வந்த அன்று மேடத்தைப் பார்க்கப் போனேன். படுக்கையில் இருந்தார். ஃபோனில் அந்தப் பாராவைப் பெரிதாக்கி இரண்டு முறை படித்தார். "பிரிண்ட் எடுத்து ஃபைல்ல போடு தம்பி, தேவைப்படும்" என்றார். தேவைப்பட்டுவிட்டது.

ஜூலை 10, வியாழன்

கமிட்டி கூடியது. காரசாரமாகத்தான் போனது. "இப்போ ஆபீஸ்ல சக்கர நாற்காலியில யாரும் இல்லையே" என்று ஒருவர் கேட்டார். பதில் சொன்னது நான் இல்லை, லைப்ரரியன்: "இல்லாதபடி ஆபீஸை வெச்சா எப்படி வருவாங்க?"

கடைசியில் அட்மிஷன், ஸ்காலர்ஷிப், டி.சி., எக்ஸாம் ஃபீஸ் நான்கும் லிஃப்ட் வரும்வரை கீழேயே இருக்கும் என்று முடிவு. அக்கவுன்ட்ஸ் மாடிக்குப் போகிறது. எனக்கு அதில் சம்மதமில்லை, என் கருத்தை மினிட்ஸில் பதியச் சொல்லியிருக்கிறேன். பென்ஷன் விஷயமாக வருகிறவர்கள் எல்லாம் அறுபதைத் தாண்டியவர்கள், முட்டி வலிக்காரர்கள். லிஃப்டுக்குத் தேதி கேட்டு அடுத்த நோட் போட வேண்டும்.

திங்கட்கிழமை புது பிளாக் வாசலுக்கு மேஸ்திரி வருகிறார். சரிவுக்கு ஆறடியில் கோடு போட்டிருப்பதைப் பார்த்தேன். டேப் வைத்து வாசல் உயரத்தை அளந்தேன், ஒன்றரை அடி. பதினெட்டு அடி வேண்டும். சைக்கிள் ஸ்டாண்டைக் கொஞ்சம் தள்ளினால் இடம் இருக்கிறது. எட்டு மணிக்கே போய் நிற்கப் போகிறேன்.