தாராவியில் ஸ்லைடுகளை மூடி வைத்தேன்

மும்பையில் குர்லா லோக்மான்ய திலக் டெர்மினஸில் இறங்கியதுமே எரிச்சல். நான் போக வேண்டியது மாட்டுங்கா. அதற்கு முன்னால் இருக்கும் சயன் வரைக்கும் போகவே ஆட்டோக்காரர் 400 ரூபாய் கேட்டார், ஏறக்குறைய ஆறு கிலோமீட்டருக்கு! மீட்டர் போடுங்கள் என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மும்பையில் ஆட்டோ ஆரம்பக் கட்டணமே 26 ரூபாய்தான். மீட்டர் போட்டு நியாயமாக ஓட்டும் ஆட்டோக்காரர்களை இந்த ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனாலேயே ஸ்டேஷன் வாசலில் நடக்கும் இந்த அடாவடி இன்னும் கோபத்தைக் கிளப்புகிறது. பையைத் தூக்கிக்கொண்டு திலக் நகர் ஸ்டேஷனுக்கு நடந்தேன். குர்லாவில் ஒரே ஒரு மாற்றம், அப்புறம் மாட்டுங்கா. டிக்கெட் 5 ரூபாய். பெரிய மூட்டை இல்லாதவர்கள் யோசிக்கவே வேண்டாம், லோக்கலில் ஏறிவிடுங்கள். ஆட்டோ எப்படியும் சயனைத் தாண்டித் தெற்கே வராது, அதற்கப்புறம் டாக்சிதான்.

காசுக் கணக்கு பார்க்கக் காரணம் இருக்கிறது. கம்பெனி வேலையை விட்டு, தலைமைப் பண்புப் பட்டறைகள் நடத்த வந்து ஆறு வருடம் ஆகிறது. பெரிய நிறுவனம் ஒன்று மூன்று மாதமாக என் கட்டணத்தை இழுத்தடிக்கிறது. இந்த முறை அழைத்தவர்களோ தாராவியில் சிறுதொழில் செய்யும் நம் ஆட்கள். தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் அதில் பாதிப் பேர். ரயில் செலவும் சாப்பாடும் தருகிறோம் என்றார்கள். ஒப்புக்கொண்டேன்.

சாப்பாடு என்றதும் மாட்டுங்காவைச் சொல்லாமல் நகர முடியாது. ஸ்டேஷனுக்கு எதிரே மாடியில் இருக்கும் ராம நாயக் உடுப்பி, 1942-இல் தொடங்கியது. வாழை இலை போட்டு, கேட்கக் கேட்கப் பரிமாறினார்கள். இரண்டு நாள் ரயில் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த ரசத்தை உள்ளங்கையில் வாங்கிக் குடித்தபோது கண் கலங்கிவிட்டது. மும்பைக்குப் போனால் பசியோடு போங்கள்.

மறுநாள் தொண்ணூறு அடி ரோட்டை ஒட்டிய ஒரு மாடி அறையில் பதினெட்டுப் பேர். தோல் பை தைப்பவர்கள், தையல் கூடம் நடத்துபவர்கள், இட்லி அவித்து விற்கும் நான்கு அக்காக்கள். ‘உங்கள் தொழில் ஐந்து வருடத்தில் எங்கே இருக்க வேண்டும்?’ என்று முதல் ஸ்லைடைப் போட்டேன்.

ஓர் அக்கா கேட்டார்: “அஞ்சு வருசம் கழிச்சு நாங்களே எங்க இருப்போம்னு தெரியாதே மேடம்?”

அறை அப்படியே அமைதியானது. தாராவியை இடித்து அடுக்குமாடிகளாகக் கட்டும் மறுசீரமைப்புத் திட்டம்தான் அங்கே எல்லோர் தலைக்கு மேலும் தொங்குகிறது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருந்ததற்குச் சான்று காட்டினால் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு. மாடியில் வாடகைக்கு இருப்பவர்கள் நிலை வேறு. வீடு கிடைத்தாலும் ஏழாவது மாடியில் விடியற்காலையில் நூற்றுக்கணக்கில் இட்லி அவிக்க முடியுமா? மாவு அரைக்கும் கிரைண்டரை எங்கே வைப்பது? என் ஸ்லைடு எதிலும் இதற்கு இடமில்லை. லேப்டாப்பை மூடினேன்.

அப்போது கைகொடுத்தது ஹாரிசன் ஓவன் என்ற அமெரிக்கர் உருவாக்கிய, ஓப்பன் ஸ்பேஸ் என்னும் கூட்டம் நடத்தும் முறை. பாடுபட்டு அவர் ஏற்பாடு செய்த மாநாட்டில், காப்பி இடைவேளைதான் எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தது என்று வந்தவர்கள் சொன்னார்களாம். அந்த இடைவேளையையே கூட்டமாக்கினால் என்ன என்று யோசித்தார், 1985-இல் செய்தும் பார்த்தார். அதில் நிகழ்ச்சி நிரலை வந்தவர்களே எழுதுவார்கள். பேச்சு பிடிக்கவில்லையா, எழுந்து அடுத்த குழுவுக்குப் போகலாம். கட்டிங் சாய் (அரை கிளாஸ் டீ) வரவழைத்தேன், தரையில் வட்டமாக உட்கார்ந்தோம், பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் அவரவர் கேள்வியை எழுதிச் சுவரில் ஒட்டினோம்.

மூன்று மணி நேரம் நான் பேசியது மிகக் குறைவு. எங்கே போனாலும் ஒரே பொதுச் சமையல்கூடம் கேட்போம் என்று இட்லி அக்காக்கள் முடிவு செய்தார்கள். ஆர்டர் இல்லாத மாதத்திலும் தன்னிடம் தைக்கும் ஆறு பேருக்குச் சனிக்கிழமைக் கூலியை நிறுத்தியதில்லை என்று ஒரு தம்பி சொன்னார். அதற்காக மனைவியின் வளையலை அடகு வைத்ததையும் சொன்னார். நோக்கமுள்ள தொழில் என்று நான் குளிரூட்டிய அறைகளில் எத்தனையோ தடவை பேசியிருக்கிறேன். அதற்கு ஓர் ஆள் கொடுத்த விலையை நேரில் கேட்டது இதுதான் முதல் முறை.

மறுநாள் காலை நாலரைக்கு இட்லி அக்காக்களின் சந்துக்குப் போனேன். ஆவிக்குள் முகம் தெரியாத அக்கா, “வாங்க மேடம், முதல்ல சாப்பிடுங்க” என்று நான்கு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் வைத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். சைக்கிள் கேரியரில் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டு, பாம் பாம் என்று ஹாரன் அடித்தபடி பையன்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பொதுச் சமையல்கூடத்துக்கான மனுவை எழுத அடுத்த மாதம் மறுபடி போகிறேன். ஸ்லீப்பரில் டிக்கெட் போட்டாயிற்று.